நெக்சஸ் அட்டை எடுப்பது எப்படி: ஊரில் நிற்கும்போதே தொடங்க ஒரு முழு வழிகாட்டி

நல்லூர்க் கொடியேறினால், கனடாவில் இருந்து வந்த சொந்தக்காரர் யாராவது எங்கள் கொக்குவில் வீட்டு விறாந்தையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பார்கள். நெக்சஸ் விண்ணப்பம், கனடா-அமெரிக்க எல்லையை விரைவாகக் கடக்க உதவுகிற அட்டைக்கு. ஸ்காபரோவில் இருந்த காலத்தில் எனக்கும் வீட்டாருக்கும் அந்த அட்டையை எடுத்தேன். ஊரோடு வந்த பிறகு மற்றவர்களுக்குப் பக்கத்தில் இருந்து நிரப்பிக் கொடுக்கிறேன். ஆட்கள் மாறினாலும் தடக்குப்படும் இடங்கள் மாறுவதில்லை. அவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

நெக்சஸை நடத்துவது கனடா எல்லைச் சேவை முகவரகமும் அமெரிக்க சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து. ஆளைப் பற்றி முதலே விசாரித்து முடித்து விடுகிறார்கள். அதனால் எல்லையில் கேள்விகள் குறைகின்றன, தனிப் பாதையில் விடுகிறார்கள். பஃபலோவில் அக்கா, டிற்றொயிற்றில் மச்சான் என்று வருடத்தில் நாலைந்து தடவை எல்லைப் பாலம் கடக்கிற குடும்பத்துக்கு இது தேவையான அட்டை.

ஏன் ஊரில் நிற்கும்போது தொடங்கச் சொல்கிறேன்? படிவம் இணையத்தில் என்பதால் எங்கிருந்தும் நிரப்பலாம். நேர்முகத்துக்கு மட்டும்தான் அங்கே போகவேண்டும். படிவத்தில் குழப்பம் வருகிற பழைய விபரங்கள், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பழைய கடவுச்சீட்டு, கலியாணப் பதிவு எல்லாம் பெரும்பாலும் இங்கே அம்மாவின் அலுமாரியில்தான் கிடக்கின்றன. அங்கே இரண்டு வேலை செய்கிறவருக்கு ஆறுதலாக இருந்து எழுத நேரமும் கிடைப்பதில்லை.

1. முதலில் தகுதியைப் பாருங்கள்

கனடாவின் அல்லது அமெரிக்காவின் குடிமகனாகவோ நிரந்தர வதிவிட உரிமை உள்ளவராகவோ இருக்கவேண்டும். விண்ணப்பிப்பதற்கு முந்திய 3 வருடமும் இந்த இரண்டு நாடுகளில் ஒன்றிலோ இரண்டிலுமோ தொடர்ந்து வசித்திருக்கவும் வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. அம்மாவைப் பார்க்க வந்து யாழ்ப்பாணத்தில் ஒன்றரை வருடம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனவர், போன கையோடு விண்ணப்பித்தால் அந்த இடைவெளியே கேள்வியாகிவிடும். கொஞ்சக் காலம் பொறுத்துச் செய்வது நல்லது.

இங்கே வசிக்கிற அப்பா அம்மாவுக்கு எடுக்கலாமா என்று கேட்காத ஆள் இல்லை. முடியாது. பத்து வருட பார்வையாளர் விசா இருந்தாலும், பெற்றோர், பேரப்பெற்றோருக்குக் கொடுக்கிற சூப்பர் விசா இருந்தாலும் அவர்கள் வதிவிட உரிமை பெற்றவர்கள் அல்ல. இது பின்னால் 9ஆம் பகுதியில் பெரிய விடயமாக வரும். நினைவில் வைத்திருங்கள்.

நெக்சஸ் விசா அல்ல. கனடாவில் பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) எடுத்து இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டோடு இருப்பவருக்கு, நெக்சஸ் இருந்தாலும் அமெரிக்கா போக அமெரிக்க விசா வேண்டும். ஆகவே முதலில் விசா, பிறகு நெக்சஸ். மாறிச் செய்தால் கையில் அட்டை இருக்கும், பாலம் கடக்க முடியாது. குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் இன்னும் சில மாதத்தில் என்றால், அது முடிந்து கனடியக் கடவுச்சீட்டு வந்த பிறகே விண்ணப்பியுங்கள். நடுவில் நிலை மாறினால் மறுபடி போய்த் திருத்தவேண்டி வரும். கனடியக் குடிமக்களுக்கு விமான நிலையங்களில் கிடைக்கிற சில வசதிகள் பி.ஆர். நிலையில் உள்ள மற்ற நாட்டவருக்குக் கிடைப்பதும் இல்லை.

அமெரிக்காவில் கிறீன் கார்ட் வைத்திருக்கிற எங்கள் ஆட்கள் நெக்சஸோ, அமெரிக்காவுக்குள் விரைவாக நுழைவதற்கான குளோபல் என்ட்றியோ எடுக்கலாம். இரண்டுக்கும் கட்டணம் ஒன்றுதான். கனடாப் பக்கம் போய்வருகிறவர் நெக்சஸ் எடுத்தால் அமெரிக்க விமான நிலையங்களில் குளோபல் என்ட்றி வசதியும் அதிலேயே சேர்ந்து வரும். சென்னை வழியாக வந்து போகிறவர்கள் இந்தியாவின் விரைவுக் குடிவரவுத் திட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். அது 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி 2025 ஜனவரியில் சென்னைக்கு வந்தது. இந்தியக் குடிமக்களுக்கும் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) உள்ளவர்களுக்கும் மட்டுமானது. பலாலியில் இருந்து சென்னைக்குப் பறக்கிற இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு அதில் இடமில்லை.

வருடத்தில் ஒரே ஒரு தடவை விமானத்தில் அமெரிக்கா போகிற கனடியக் குடிமகனுக்கு நெக்சஸ் வேண்டியதே இல்லை என்பது என் எண்ணம். அமெரிக்க எல்லைத் துறையின் இலவசக் கைத்தொலைபேசிச் செயலி ஒன்று இருக்கிறது. மொபைல் பாஸ்போர்ட் கொன்ட்றோல் என்று பெயர். அது அவருக்குப் போதும்.

2. கணினியைத் திறக்க முன் மேசையில் இருக்கவேண்டியவை

படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பத்திரம் தேடுகிறவர்கள்தான் அதிகம் பிழை விடுகிறார்கள். நேரம் போகிறதே என்ற பதற்றத்தில் "அது 2021 ஆக இருக்கும்" என்று மனக்கணக்கில் போட்டுவிடுவார்கள். நேர்முகத்தில் அந்தக் கணக்குத்தான் கையைக் கடிக்கும்.

நடப்புக் கடவுச்சீட்டு, பி.ஆர். அட்டை அல்லது குடியுரிமைச் சான்றிதழ், சாரதி அனுமதிப்பத்திரம், சொந்தக் காரின் பதிவுப் பத்திரம். இவற்றோடு ஒரு வெள்ளைத் தாள் எடுத்து மூன்று பட்டியல் எழுதுங்கள்.

முதலாவது, கடந்த 5 வருடத்தில் இருந்த வீடுகள், மாதமும் வருடமும் போட்டு. இரண்டாவது, அதே 5 வருட வேலைகள். மூன்றாவது, அதே 5 வருடத்தில் போன நாடுகள். கனடா, அமெரிக்கா, மெக்சிக்கோ தவிர மற்றவை. இலங்கை சொந்த ஊர் என்பதால் அதை எழுதாமல் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊருக்கு வந்ததும் வெளிநாட்டுப் பயணம்தான். வரும் வழியில் சென்னையில் இறங்கிக் கூறைச்சேலை எடுத்தது, திருப்பதி போனது, டுபாயில் மச்சாள் வீட்டில் இரண்டு நாள் நின்றது எல்லாம் பட்டியலில் வரவேண்டும். கடவுச்சீட்டு முத்திரைகளை ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள்.

வீட்டுப் பட்டியலில் எங்கள் ஆட்களுக்கு வருகிற வழமையான சிக்கல், பேஸ்மென்ட் வாடகை. இருந்தது ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில், கடிதம் வந்தது சித்தப்பா வீட்டுக்கு, சாரதி அனுமதிப்பத்திரத்தில் இருப்பது அதற்கு முந்திய விலாசம். உண்மையில் படுத்து எழும்பிய விலாசத்தைத்தான் எழுதவேண்டும். சாரதி அனுமதிப்பத்திரத்தில் பழைய விலாசம் இருந்தால், விண்ணப்பத்துக்கு முதலே அதை மாற்றுங்கள். நேர்முகத்தில் வதிவிடத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். இரண்டு விலாசம் இரண்டு மாதிரி நின்றால் விளக்கம் சொல்லிக்கொண்டு இருக்கவேண்டி வரும்.

3. பெயர்: இதைத் தீர்க்காமல் மேலே போகாதீர்கள்

எங்கள் பெயர் வழக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பிள்ளையின் பெயர் ஒரு கூட்டில், தகப்பன் பெயர் இன்னொரு கூட்டில். கனடாவுக்குப் போனதும் தகப்பன் பெயர் கடைசிப் பெயராகிறது. கலியாணம் முடித்த பெண்ணுக்குச் சில இடத்தில் தகப்பன் பெயரும் சில இடத்தில் கணவன் பெயரும் நிற்கும். பழைய இலங்கைக் கடவுச்சீட்டில் இரண்டு பெயரும் இடம்மாறி இருந்ததும் உண்டு. ஆங்கில எழுத்தும் அப்படித்தான். சிவகுமார் என்ற ஒரே பெயரைப் பள்ளிக்கூடத்தில் ஒரு மாதிரி, கச்சேரியில் ஒரு மாதிரி, கனடாவில் இறங்கிய அன்று அதிகாரி ஒரு மாதிரி எழுதியிருப்பார்கள்.

முறை இதுதான். இப்போது கையில் உள்ள கடவுச்சீட்டில் எழுத்துக்கு எழுத்து என்ன இருக்கிறதோ அதுவே உங்கள் பெயர். படிவத்தில் அப்படியே போடுங்கள். மற்ற எழுத்து வடிவங்கள், கலியாணத்துக்கு முந்திய பெயர், தகப்பன் பெயர் முன்னுக்கு வந்த வடிவம் எல்லாவற்றையும் "வேறு பெயர்கள்" என்று கேட்கிற இடத்தில் எழுதுங்கள். பெயர் வைத்துத்தான் இரண்டு நாடுகளும் தங்கள் கோவைகளைத் தேடுகின்றன. நீங்களே எல்லா வடிவத்தையும் கொடுத்துவிட்டால், அவர்கள் ஒன்றைத் தனியாகக் கண்டுபிடித்துச் சந்தேகப்பட இடமில்லை.

இலங்கைப் பத்திரம் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால், ஊரில் நிற்கும்போதே சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி எடுத்து வையுங்கள். அதில் பெயரின் ஆங்கில எழுத்து கடவுச்சீட்டில் உள்ளது போலவே வருகிறதா என்று, பணம் கொடுக்க முன் வாசித்துப் பாருங்கள்.

4. கணக்குத் திறத்தல்

விண்ணப்பம் அமெரிக்க அரசின் நம்பகப் பயணிகள் தளத்தில்தான். கனடாவில் இருப்பவரும் அதே தளம்தான். விலாசம் டி.டி.பி. டாட் சி.பி.பி. டாட் டி.எச்.எஸ். டாட் கவ். கடைசியில் "டாட் கவ்" இல்லாத எந்தத் தளத்திலும் பணம் கட்டாதீர்கள். தேடுபொறியில் நெக்சஸ் என்று தேடினால், படிவம் நிரப்பித் தருகிறோம் என்று தனியாகக் காசு கேட்கிற தளங்களும் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிக்கொண்டு வரும்.

உள்ளே போக முதலில் லொகின் டாட் கவ் கணக்கு வேண்டும். அது கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு அடையாளச் சோதனையும் கேட்கும். இங்கேதான் ஊருக்கு வந்தவர்கள் மாட்டுப்படுகிறார்கள். கனடா இலக்கத்தைக் கொடுத்திருப்பார்கள். அந்த சிம் ஊரில் வேலை செய்யாது, குறியீடு வராது. வந்த இடத்தில் வாங்கிய உள்ளூர் இலக்கத்தைக் கொடுத்தால், திரும்பிப் போன பிறகு அதே நிலை மறுபக்கமாக வரும். கைத்தொலைபேசியில் குறியீடு உருவாக்குகிற செயலியைத் தெரிவுசெய்யுங்கள். அதற்கு சிம் தேவையில்லை. கூடவே மாற்றுக் குறியீடுகளையும் பதிவிறக்கித் தாளில் அச்சடித்துக் கடவுச்சீட்டோடு வையுங்கள். தொலைபேசி தொலைந்தால் அந்தத் தாள்தான் வழி.

ஆளுக்கு ஒரு கணக்கு, ஆளுக்கு ஒரு மின்னஞ்சல். குழந்தைக்கும் அப்படித்தான். மகனின் மின்னஞ்சலில் அம்மாவுக்கும் திறக்கலாம் என்று தொடங்கினால் பாதியில் நிற்கும்.

5. படிவம்

2ஆம் பகுதியில் எழுதிய மூன்று பட்டியலையும் பார்த்துப் படியெடுங்கள். திகதிகளில் இடைவெளி விடக்கூடாது. ஒரு வீட்டை விட்ட மாதமும் அடுத்த வீட்டுக்குப் போன மாதமும் தொடவேண்டும். வேலைப் பகுதியில், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்த அம்மாமார் "நான் வேலை செய்யவில்லைத்தானே" என்று வெறுமையாக விட்டுவிடுவார்கள். வேலை இல்லை, ஓய்வு, மாணவர் என்பவையும் தெரிவுகள்தான். அதைத் தெரிந்து திகதி போடவேண்டும்.

அடுத்து வருகிற கேள்விகள்தான் எங்கள் மக்களுக்குக் கனமானவை. எந்த நாட்டிலாவது குற்றத்தீர்ப்புப் பெற்றீர்களா, வழக்கு நிலுவையில் உள்ளதா, சுங்க அல்லது குடிவரவுச் சட்டத்தை மீறினீர்களா, எந்த நாட்டின் பொலிஸ் விசாரணைக்காவது உட்பட்டீர்களா. ஸ்காபரோவில் பிறந்த பிள்ளை எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டு ஒரு நிமிடத்தில் தாண்டிவிடும். 1990களில் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சுற்றிவளைப்பில் பிடிபட்டு இரண்டு நாள் வைத்து விட்டவர், பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் மாதக்கணக்கில் இருந்து வழக்கில்லாமல் வெளியே வந்தவர், ஏஜென்சி கொடுத்த வேறொருவரின் கடவுச்சீட்டில் போய் இறங்கியவர், அமெரிக்க எல்லையில் ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டவர் ஆகியோருக்கு அப்படி இல்லை.

இந்த இடத்தில் நான் ஒருவருக்கும் "இப்படிப் போடுங்கள்" என்று சொல்வதில்லை. படிவத்தை அப்படியே சேமித்து வைத்துவிட்டு, திரும்பிப் போய் முதலில் குடிவரவுச் சட்டத்தரணியைப் பாருங்கள் என்று சொல்கிறேன், இரண்டு நாட்டுச் சட்டமும் தெரிந்த ஒருவரை. காரணம் இருக்கிறது. அகதிக் கோரிக்கையில் கொடுத்த கைரேகையும் வாக்குமூலமும் கோவையில் இருக்கின்றன. முப்பது வருடத்துக்கு முன் எப்படி வந்தேன் என்று நீங்கள் அங்கே சொன்னதும், இப்போது படிவத்தில் போடுகிறதும் ஒன்றுக்கொன்று முரணாக நிற்கக்கூடாது. கனடிய சட்டப்படி, அகதிப் பாதுகாப்புப் பெற்றவர்மீது பொய்க் கடவுச்சீட்டில் வந்ததற்காக வழக்குத் தொடர்வதில்லை. ஆனால் நெக்சஸில் அமெரிக்காவும் சம்மதிக்கவேண்டும். அவர்கள் அதை எப்படிப் பார்ப்பார்கள் என்பது வேறு கேள்வி. ஒரு நாடு மறுத்தாலே விண்ணப்பம் போய்விடும்.

சட்டத்தரணியைப் பார்க்கப் போகும்போது, விடுதலைக் கடிதம், நீதிமன்றப் பத்திரம், செஞ்சிலுவைச் சங்கத்தின் தடுப்புச் சான்று எது இருந்தாலும் இங்கேயிருந்து எடுத்துப் போங்கள். உங்களைப் பற்றி என்ன கோவை இருக்கிறது என்று அறிய, தகவல் அறியும் சட்டத்தின்கீழ் கனடாவிலும் அமெரிக்காவிலும் விண்ணப்பித்துப் பிரதி எடுக்கலாம். மாதங்கள் எடுக்கும், ஆனாலும் செய்யவேண்டியது. பிடித்து வைத்திருந்ததை நினைக்கவே மனம் நோகிறவர்களுக்கு இந்தப் பகுதியை எழுதுவது பெரிய பாரம். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். அவசரப்படுத்தாதீர்கள்.

மறைத்தால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. பழைய சம்பவம் ஒன்று சில வேளை விளக்கத்தோடு கடந்து போகும். படிவத்தில் பொய் சொன்னது தெரிந்தால், அந்தப் பொய்யே மறுப்புக்குக் காரணமாகிவிடும். பிறகு சாதாரண வரிசையில் போனாலும் பழைய வேகம் இருக்காது.

6. கட்டணமும் காத்திருப்பும்

2024 ஒக்ரோபர் 1 முதல் கட்டணம் 120 அமெரிக்க டொலர். முன்பு 50. உறுப்புரிமை 5 வருடம். மறுத்தாலும் பணம் திரும்பாது, அதனால்தான் தகுதியை முதலில் பார்க்கச் சொன்னேன். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு, பெற்றோர் உறுப்பினராக இருந்தாலோ கூடவே விண்ணப்பித்தாலோ கட்டணமில்லை. ஆகவே முழுக் குடும்பத்துக்கும் ஒரே கிழமையில் அனுப்புங்கள்.

பிறகு இரண்டு நாடுகளும் தனித்தனியே விசாரிக்கும். சிலருக்குச் சில வாரம், சிலருக்குப் பல மாதம். நத்தார் விடுமுறைக்குள் வந்துவிடும் என்று நம்பி எதையும் திட்டமிடவேண்டாம். மின்னஞ்சல் "உங்கள் நிலை மாறியுள்ளது" என்று மட்டும்தான் சொல்லும், கணக்குக்குள் போய்த்தான் பார்க்கவேண்டும். நிபந்தனையோடு அனுமதி என்று வந்தால் அடுத்தது நேர்முகம்.

7. நேர்முகம்

இரண்டு நாட்டு அதிகாரிகளும் பார்க்கவேண்டும். சில நிலையங்களில் இருவரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். சில இடங்களில் கனடா நேர்முகம் முதலில், அமெரிக்க நேர்முகம் பிறகு வேறொரு நாள். ரொறன்ரோ பியர்சன் போன்ற விமான நிலையங்களில், அமெரிக்காவுக்குப் பறக்கிற நாளில் அமெரிக்கப் பகுதியை முடிக்கிற ஏற்பாடு உண்டு. அப்படியானால் விமானத்துக்கு வழமையைவிட முந்திப் போங்கள். நேரம் கிடைக்கவில்லை என்றால் ஒவ்வொரு நாளும் தளத்தைத் திறந்து பாருங்கள். ஆட்கள் இரத்துச் செய்யச் செய்ய இடம் விழும். தூரமென்று பார்க்காமல் எல்லையோரம் உள்ள ஃபோர்ட் ஈரி நிலையத்தையும் பாருங்கள்.

கொண்டுபோகவேண்டியவை 2ஆம் பகுதியில் சொன்ன மூலப்பத்திரங்கள், அனுமதிக் கடிதத்தின் அச்சுப்பிரதி, வதிவிடத்துக்கு ஆதாரம். பிள்ளையோடு பெற்றோர் ஒருவர் வரவேண்டும், மற்றவரின் சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும். பிரிந்து வாழ்கிற பெற்றோர் என்றால் பராமரிப்பு உத்தரவு.

கேள்விகள் சிறியவை. ஏன் அட்டை வேண்டும், எங்கே வேலை, எப்போதாவது பிடிபட்டீர்களா, கடைசியாக எங்கே போனீர்கள். எங்கள் பெரியவர்கள் மரியாதைக்காக நீளமாகப் பதில் சொல்வார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் போதும். படிவத்தின் பிரதியை முதல்நாள் இரவு வாசியுங்கள். ஆறு மாதத்துக்கு முன் ஊரில் இருந்து எழுதிய திகதி மறந்து போயிருக்கும். கைரேகையும் படமும் எடுப்பார்கள். சுங்க விதிகளையும் சொல்லித் தருவார்கள், அதைக் காது கொடுத்துக் கேளுங்கள், 10ஆம் பகுதியில் சொல்வதெல்லாம் அங்கே தொடங்குகிறது.

8. அட்டை வந்ததும்

தபாலில் வரும். 30 நாளுக்குள் அதே கணக்கில் போய் அட்டையைச் செயற்படுத்தவேண்டும். வந்ததும் வேலை முடிந்தது என்று பணப்பையில் வைத்தவர், பாலத்தில் வாசிப்புக் கருவி அட்டையை எடுக்காமல் நின்ற பிறகுதான் எனக்கு அழைப்பு எடுத்தார். பின்பக்கம் உள்ள 9 இலக்க எண்ணையும் படமெடுத்து வையுங்கள். விமானப் பதிவுக்கு அது வேண்டும்.

9. காரில் கடக்கும்போது

காருக்குள் இருக்கிற ஒவ்வொருவரிடமும் நெக்சஸ் இருக்கவேண்டும், கைக்குழந்தை உட்பட. நான் பார்த்த பிழைகளில் இதுவே பெரியது, அதுவும் எங்கள் வீடுகளில் அன்பினால் நடப்பது. ஊரில் இருந்து அம்மம்மா வந்திருப்பா. நயாகரா காட்டி, அப்படியே பஃபலோவில் பெரியக்கா வீட்டுக்கும் கூட்டிப் போவோம் என்று வெளிக்கிடுவார்கள். அவவுக்கு அமெரிக்க விசாவும் இருக்கும். ஆனால் நெக்சஸ் இருக்காது, எடுக்கவும் முடியாது. அம்மம்மா ஏறினால் முழுக் காரும் சாதாரண வரிசையில்தான் போகவேண்டும். "மற்ற நாலு பேரிடமும் இருக்குத்தானே" என்று நெக்சஸ் பாதையில் நுழைந்தால் உறுப்பினர் எல்லோரின் அட்டையும் ஆபத்தில். அந்தப் பாதைக்குள் ஏறிய பிறகு விலகவும் இடமில்லை. பஃபலோவுக்குப் போகிற பீஸ் பாலத்துக்குக் கிட்டப் போக முன்பே, காரில் யார் யார் என்று ஒருதரம் எண்ணிப் பாருங்கள்.

நெக்சஸ் பாதை எல்லா நேரமும் திறந்திருப்பதில்லை. இரவில் சில பாலங்களில் மூடிவிடுவார்கள். வெளிக்கிட முன் எல்லைச் சேவையின் தளத்தில் பாலத்துக்குரிய நேரத்தைப் பாருங்கள்.

கிட்டப் போனதும் அட்டையை உறையில் இருந்து எடுத்து, எல்லோருடையதையும் சேர்த்து வாசிப்புக் கருவிக்கு நேரே காட்டுங்கள். உறைக்குள் இருந்தால் கருவி வாசிக்காது. பிறகு அதிகாரியிடம் போங்கள். கண்ணாடிகளை இறக்கி, தொலைபேசியையும் பாட்டையும் நிறுத்துங்கள். பி.ஆர். நிலையில் உள்ளவர் கடவுச்சீட்டையும் பி.ஆர். அட்டையையும் கூடவே வைத்திருக்கவேண்டும். விற்பனைக்கான சரக்கு இருந்தால் இந்தப் பாதையில் வரக்கூடாது. கடை வைத்திருக்கிற அண்ணாமார் கவனிக்க: பத்துப் பெட்டி மிளகாய்த்தூள் வீட்டுச் சாமான் ஆகாது.

10. பெட்டிக்குள் என்ன இருக்கிறது

அட்டை எடுத்தவர்கள் அதை இழக்கிற வழி இதுதான், ஆதலால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நெக்சஸ்காரரைக் குறைவாகச் சோதிப்பார்கள். சோதித்த அன்று சொல்லாத ஒன்று அகப்பட்டால் மன்னிப்புக் குறைவு. தண்டப்பணத்தோடு உறுப்புரிமையும் போகும்.

அம்மா கட்டித் தருகிற பெட்டியில் ஒடியல்மா, பனாட்டு, புழுக்கொடியல், கருவாடு, பயித்தம் பணியாரம், பச்சைக் கறிவேப்பிலை எல்லாம் இருக்கும். ரொறன்ரோவில் இறக்கிய பெட்டியில் இருந்து ஒரு பங்கு அடுத்த சனிக்கிழமை பஃபலோவுக்குப் போகும். பச்சைக் கறிவேப்பிலை அமெரிக்காவுக்குள் கொண்டுபோக முடியாது. எலுமிச்சை, தோடை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்புகிற பூச்சி அந்த இலையில் வாழும் என்பதுதான் காரணம். வீட்டுத் தோட்டத்து மாம்பழம், இறைச்சிக்கறி, இறைச்சி வைத்த றோல்ஸ் இவையும் பிரச்சினைக்குரியவை. மா, தூள், பலகாரம் போன்ற காய்ந்த சாமான் பெரும்பாலும் விடுவார்கள், ஆனாலும் இருக்கிறது என்று வாயால் சொல்லவேண்டும். சொன்ன சாமானை எடுத்தால் சாமான் மட்டும்தான் போகும். உங்கள் பெட்டியை நீங்கள்தான் அடுக்கவேண்டும், அம்மா அடுக்கியதாக இருந்தால் விமான நிலையத்துக்குப் போக முதல் ஒருதரம் பிரித்துப் பாருங்கள்.

அடுத்தது நகை. ஊரில் கலியாணம் முடித்து, கஸ்தூரியார் வீதியில் தாலிக்கொடியும் காப்பும் செய்வித்துக்கொண்டு கனடாவுக்குத் திரும்புகிறவர்கள் "போட்டிருக்கிற நகைதானே" என்று பேசாமல் நெக்சஸ் இயந்திரத்தால் போய்விடுகிறார்கள். வெளிநாட்டில் வாங்கியதும் பரிசாகப் பெற்றதும் அறிவிக்கவேண்டியவை. 48 மணித்தியாலத்துக்கு மேல் வெளியே நின்றவருக்கு 800 கனடிய டொலர் வரை வரியில்லை. 24 மணித்தியாலத்துக்கு மேல் என்றால் 200. தாலிக்கொடி இந்தக் கணக்குக்குள் வராது. பற்றுச்சீட்டைக் கையில் வைத்து, சொல்லி, வரியைக் கட்டுங்கள்.

மறுபக்கமும் உண்டு. கனடாவில் இருந்து பழைய நகையைப் போட்டுக்கொண்டு ஊர் வருகிறவர், திரும்பும்போது அது முன்பே தன்னுடையது என்று காட்டவேண்டி வரலாம். புறப்பட முன் மதிப்பீட்டுக் கடிதமும் நகையின் படமும் எடுத்து வையுங்கள். தொடர் இலக்கம் உள்ள கமெரா, மடிக்கணினி போன்றவற்றை எல்லைச் சேவை அலுவலகத்தில் முன்கூட்டிப் பதிந்து ஒரு அட்டையும் வாங்கலாம்.

பணம் 10,000 டொலர் அல்லது அதற்கு மேல் என்றால் கனடாவில் அறிவிக்கவேண்டும். அமெரிக்காவிலும் 10,000 டொலருக்கு மேற்பட்டால் அப்படியே. கொண்டுபோவது குற்றமில்லை, சொல்லாமல் விடுவதுதான் குற்றம். அமெரிக்காவில் குடும்பமாக ஒரே அறிவித்தலில் போகிறவர்களின் தொகையைச் சேர்த்தே பார்ப்பார்கள், ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து வைப்பதால் பயனில்லை.

11. விமானத்தில்

கனடா விமான நிலையங்களில் இறங்கும்போது நெக்சஸ் இயந்திரம் முகத்தை ஒப்பிட்டு விடும். பாதுகாப்புச் சோதனைக்கும் பெரிய நிலையங்களில் தனி வரிசை உண்டு. அமெரிக்காவுக்குள் போகும்போது குளோபல் என்ட்றி வரிசை. அங்கே உள்நாட்டுப் பயணத்தில் மடிக்கணினியை வெளியே எடுக்காமல் போகிற பிறீசெக் வசதி கனடிய, அமெரிக்கக் குடிமக்களான உறுப்பினருக்கும் கிறீன் கார்ட் உள்ள உறுப்பினருக்கும் கிடைக்கும். அதற்கு விமானச்சீட்டில் அந்த 9 இலக்க எண்ணைப் போடவேண்டும், பெயரும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கவேண்டும். முதற்பெயரும் தகப்பன் பெயரும் இடம்மாறிய சீட்டில் அந்த வசதி வராது. பயண முகவரிடம் சீட்டு எடுத்தால் எண்ணை அவரிடம் கொடுத்து, சீட்டில் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டுநாயக்காவிலோ பலாலியிலோ இந்த அட்டைக்கு வேலையில்லை. ஊருக்கு வரும்போது கடவுச்சீட்டையும், கனடியக் கடவுச்சீட்டில் வருகிறவர் இலங்கை நுழைவு அனுமதியையும் ஒழுங்காக வைத்திருந்தால் போதும்.

12. மாற்றங்களும் புதுப்பித்தலும்

வீடு மாறினால், கடவுச்சீட்டு மாறினால், கலியாணத்தால் பெயர் மாறினால், பி.ஆர். குடியுரிமையானால் உடனே தெரிவியுங்கள். விலாசமும் கடவுச்சீட்டு இலக்கமும் கணக்கிலேயே மாற்றலாம். பெயருக்கும் குடியுரிமைக்கும் பதிவு நிலையத்துக்குப் போகவேண்டி வரும். பழைய கடவுச்சீட்டு இலக்கத்தோடு இருக்கிற அட்டை விமான நிலைய இயந்திரத்தில் நிற்கும்.

முடிவுத் திகதிக்கு ஒரு வருடத்துக்கு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். முடிய முன் அனுப்பிவிட்டால், விசாரணை நீண்டாலும் முடிவுத் திகதிக்குப் பின் 24 மாதம் வரை வசதிகள் தொடரும். முடிந்த பிறகு அனுப்பினால் அந்தச் சலுகை இல்லை, எல்லாம் முதலில் இருந்து. குடும்பத்தில் ஆளுக்கொரு முடிவுத் திகதி இருக்கும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கடவுச்சீட்டுகள் வைக்கிற அதே உறைக்குள் வையுங்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் தருவார்கள். எந்த நாடு மறுத்ததோ அந்த நாட்டிடம்தான் மறுபரிசீலனை கேட்கவேண்டும். காரணம் பெயர்க் குழப்பமோ திகதிப் பிழையோ என்றால் பத்திரங்களை இணைத்து நீங்களே எழுதலாம். பழைய தடுப்போ குடிவரவு விடயமோ என்றால், 5ஆம் பகுதியில் சொன்ன அதே சட்டத்தரணியிடம் கடிதத்தைக் காட்டிவிட்டு எழுதுங்கள்.